சீட்டுக் கணக்கும் பைத்தான் கிளாஸும்

புரோகிராமிங் புதிதாகக் கற்பவர்கள் ஏதோ ஒரு கட்டத்தில் இந்தக் கேள்வியைக் கேட்டுவிடுகிறார்கள். "ஃபங்ஷன் எழுத வந்துடுச்சு, லிஸ்ட், டிக்ஷனரி எல்லாம் தெரியுது, இதை வெச்சே எல்லாத்தையும் எழுதிட முடியுதேண்ணா, அப்புறம் இந்தக் கிளாஸ் எதுக்கு?" நியாயமான கேள்வி. கிளாஸ் என்று இங்கே சொல்வது பாட வகுப்பை அல்ல, சேர்ந்து இருக்க வேண்டிய தகவல்களையும் அவற்றைக் கையாளும் ஃபங்ஷன்களையும் ஒரே கட்டாக எழுதும் வழியை. இதற்குப் பெரும்பாலும் கிடைக்கும் பதில், "பெரிய புராஜெக்ட்டுக்குப் போனால் உனக்கே தெரியும், இப்போதைக்கு விட்டுவிடு" என்பது. இந்தப் பதிலோடு எனக்கு உடன்பாடே இல்லை. பத்து வருடம் எழுதிப் பழகியவர் கிளாஸ் இல்லாமலும் ஒழுங்காக எழுதிவிடுவார். அந்த ஒழுங்கு இன்னும் கைக்கு வராதவருக்குத்தான் கிளாஸ் முதலில் வேண்டும். இதை எவ்வளவு விளக்கமாகச் சொல்ல முடியுமோ அவ்வளவு விளக்கமாகச் சொல்லிப் பார்க்கிறேன்.

பெங்களூரில் முருகேஷ்பாளையா பக்கம் ஒரு நண்பர் வீட்டு மாடியில் ஞாயிற்றுக்கிழமைகளில் சிலருக்குப் பைத்தான் சொல்லிக்கொடுக்கிறேன். பி.காம் முடித்துக் கணக்கு எழுதும் வேலையில் இருக்கும் ஒரு பெண், பி.சி.ஏ. படிக்கும் ஒரு தம்பி, அல்சூரிலிருந்து வரும் இரண்டு பேர், இன்னும் சிலர். வீட்டில் தமிழ், தெருவில் கன்னடம், கல்லூரியில் ஆங்கிலம் என்று வளர்ந்த பிள்ளைகள். பாடத்தை ஆங்கிலத்தில் படித்து மதிப்பெண் வாங்கியிருப்பார்கள், ஆனால் தமிழில் உட்கார்ந்து பேசும்போதுதான் "அப்போ இது எதுக்குண்ணா?" என்று உண்மையான கேள்வி வெளியே வரும்.

புத்தகங்களிலும் யூடியூபிலும் கிளாஸை அறிமுகப்படுத்தும் விதம் எனக்குப் பிடிப்பதில்லை. விலங்கு என்று ஒரு கிளாஸ், அதிலிருந்து நாய், பூனை என்று இரண்டு. நாய் 'லொள்' என்று பிரிண்ட் செய்யும், பூனை 'மியாவ்' என்று பிரிண்ட் செய்யும். இல்லையென்றால் கார், அதற்கு ஒரு நிறம், ஒரு வேகம். இதைப் படித்த பிள்ளைக்குப் புரியாமல் இல்லை, நன்றாகவே புரிகிறது, ஆனால் நாயைக் குரைக்க வைக்க ஒரு பிரிண்ட் போதுமே, இதற்கு ஏன் இவ்வளவு சுற்று என்றுதான் தோன்றும். தோன்றுவதும் சரியே. அந்த எடுத்துக்காட்டில் காப்பாற்ற வேண்டிய விதி என்று எதுவுமே இல்லை. காரின் நிறத்தை யார் எந்த இடத்தில் மாற்றினாலும் யாருக்கும் நஷ்டமில்லை. சில தகவல்கள் சேர்ந்தே இருக்க வேண்டும், ஒன்றோடு ஒன்று பொருந்தி இருக்க வேண்டும், கண்ட இடத்தில் கண்டபடி மாற்றினால் கணக்கு கெட்டுவிடும் என்ற நிலை வரும்போதுதான் கிளாஸுக்கு வேலை வருகிறது.

அதனால் எங்கள் வகுப்பில் நாயும் பூனையும் கிடையாது. ஏலச்சீட்டு.

நம் ஆட்கள் இருக்கும் தெருவில் சீட்டு கட்டாத வீடு குறைவு, ஆகவே விதிகளை யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக: 20 பேர், ஆளுக்கு மாதம் 5,000 ரூபாய், 20 மாதம். மாதாமாதம் சேர வேண்டிய மொத்தம் 1,00,000. பணம் அவசரமாக வேண்டியவர் தள்ளிக் கேட்பார், அதாவது மொத்தத்தில் ஒரு பகுதியை விட்டுக்கொடுத்துக் கேட்பார். ஒருவர் 25,000 தள்ளி எடுத்தால் அவர் கைக்கு 75,000 போகும். அந்த 25,000-ல் சீட்டு நடத்துபவரின் கமிஷன் 5 சதவீதம், அதாவது மொத்தத் தொகையில் 5,000 போக, மீதி 20,000-ஐ 20 பேருக்கும் பிரித்தால் ஆளுக்கு 1,000 கழிவு. அந்த மாதம் எல்லோரும் 5,000-க்குப் பதில் 4,000 கட்டினால் போதும். சரிபார்ப்பதும் சுலபம்: 20 பேர் கட்டிய 80,000-உம், எடுத்தவருக்குப் போன 75,000-உம் கமிஷன் 5,000-உம் சேர்ந்த தொகையும் ஒன்றாக இருக்க வேண்டும். ஒருமுறை எடுத்தவர் மறுபடி ஏலம் கேட்க முடியாது. முதல் மாதம் ஏலமே இல்லை, சீட்டு நடத்துபவர் முழுத் தொகையையும் எடுத்துக்கொள்வார் என்று சில சீட்டுகளில் உண்டு, சிலவற்றில் கிடையாது.

இதைப் பிள்ளைகள் முதலில் டிக்ஷனரியும் ஃபங்ஷனும் வைத்துத்தான் எழுதுகிறார்கள், நானும் அப்படித்தான் எழுதச் சொல்கிறேன். ஒரு டிக்ஷனரி, அதாவது ஒவ்வொரு தகவலையும் 'கீ' என்ற பெயரோடு வைத்துக்கொள்ளும் தொகுப்பு, அதற்குள் உறுப்பினர் பட்டியல், தவணை, நடப்பு மாதம், எடுத்தவர்கள் பட்டியல். ஏலத்துக்கு ஒரு ஃபங்ஷன், கழிவு கணக்கிட ஒன்று, பாக்கி பார்க்க ஒன்று. அழகாக ஓடும். ஒரே ஒரு சீட்டு, ஒரே ஒருவர் எழுதிய கோட், எழுதிய அன்றே ஓட்டிப் பார்க்கிறோம் என்ற வரைக்கும் எந்தக் குறையும் சொல்ல முடியாது.

அடுத்த ஞாயிறு, இரண்டாவதாக ஒரு சீட்டைச் சேர்க்கச் சொல்கிறேன். 15 பேர், மாதம் 10,000. இங்கிருந்துதான் கோட் தள்ளாட ஆரம்பிக்கிறது.

ஒருவர் எல்லா ஃபங்ஷனையும் நகல் எடுத்துப் பெயருக்குப் பின்னால் 2 என்று சேர்த்துவிடுகிறார். இன்னொரு தம்பி ஒவ்வொரு ஃபங்ஷனுக்கும் முதல் ஆர்க்யுமெண்ட்டாக, அதாவது ஃபங்ஷனுக்குள் அனுப்பும் முதல் தகவலாக, டிக்ஷனரியைக் கொடுக்கிறார், இது எவ்வளவோ மேல். ஆனால் அவரே ஓர் இடத்தில் 'எடுத்தவர்கள்' என்றும் வேறோர் இடத்தில் 'எடுத்தவர்' என்றும் கீ போட்டிருக்கிறார். இல்லாத கீயைப் படிக்கப் போனால் பைத்தான் கீ எரர் கொடுக்கும், ஆனால் இல்லாத கீயில் ஒரு மதிப்பை எழுதினால் மறுபேச்சில்லாமல் புதிதாக ஒன்றை உண்டாக்கிவிடும். விளைவு, ஏலம் எடுத்தவரின் பெயர் ஒரு பட்டியலில் ஏறுகிறது, சரிபார்ப்பது வேறொரு பட்டியலை. ஒரே ஆள் இரண்டு முறை சீட்டு எடுத்துவிடுகிறார், புரோகிராம் எரர் எதுவும் காட்டவில்லை. நிஜத் தெருவில் இப்படி நடந்தால் என்ன ஆகும் என்று அந்தப் பிள்ளைகளுக்கு நான் சொல்லவே வேண்டாம்.

இன்னொன்று. 'இவர் ஏற்கெனவே எடுத்தவரா' என்ற சோதனை ஏல ஃபங்ஷனுக்குள் இருந்தது. மெனுவில் 'பழைய நோட்டிலிருந்து பதிவு செய்' என்று ஒரு வசதி சேர்த்தபோது, அந்தக் கோட் நேராகப் பட்டியலில் பெயரைச் சேர்த்துவிட்டது, சோதனை வழியாக வரவேயில்லை. எழுதியவர் சோம்பேறி இல்லை, அந்த விதி எங்கே இருக்கிறது என்பது அவருக்கு அப்போது நினைவில் இல்லை, அவ்வளவுதான். விதி ஓரிடத்தில், தகவல் வேறிடத்தில் என்று இருந்தால் இரண்டையும் இணைத்து வைத்திருப்பது எழுதுபவரின் ஞாபகசக்தி மட்டுமே. அனுபவம் உள்ளவர் தகவலைத் தொடுவதற்கு முன் கை தானாக நின்று யோசிக்கும், 'இதை மாற்றும் ஃபங்ஷன் ஏற்கெனவே இருக்கிறதா' என்று தேடும். புதியவருக்கு அந்த நிதானம் இன்னும் வந்திருக்காது. வர வருடங்கள் ஆகும். அதுவரை அவருடைய ஞாபகத்தை நம்பாத ஓர் ஏற்பாடு வேண்டும்.

இப்போது கிளாஸ். பைத்தான் 3-ல் பெயர்களைத் தமிழிலேயே வைக்கலாம், கிளாஸ், டெஃப் போன்ற, மொழிக்கே உரிய கீவேர்டுகள் மட்டும் ஆங்கிலத்தில்தான் இருக்க வேண்டும். வகுப்பில் நாங்கள் அப்படித்தான் எழுதுகிறோம். வேலைக்குப் போனால் ஆங்கிலப் பெயர்தான் வைப்பார்கள், அது வேறு விஷயம், கற்கும் நேரத்தில் தலைக்கு மேல் ஒரு சுமை குறைகிறது. சீட்டு என்று ஒரு கிளாஸ். ஒரு சீட்டு பிறக்கும்போதே என்னென்ன இருக்க வேண்டுமோ அதெல்லாம் இனிட் மெத்தடுக்குள் போகிறது (மெத்தட் என்றால் கிளாஸுக்குள் எழுதும் ஃபங்ஷன், புதிதாக ஒன்றை உருவாக்கும்போது தானாக ஓடுவது இனிட்): தவணை, உறுப்பினர்கள், கமிஷன் சதவீதம், மாதம் 1, எடுத்தவர்கள் காலிப் பட்டியல். அப்புறம் ஏலம்_விடு என்று ஒரு மெத்தட். அது முதலில் கேட்கும் கேள்விகள்: இந்த ஆள் இந்தச் சீட்டில் இருக்கிறாரா, ஏற்கெனவே எடுத்துவிட்டாரா, தள்ளிய தொகை கமிஷனைவிடக் குறைவாக இருக்கிறதா. எதில் தவறினாலும் அந்த இடத்திலேயே வேல்யூ எரர், அதாவது கொடுத்த மதிப்பு சரியில்லை என்ற எரர். எல்லாம் சரியாக இருந்தால்தான் கழிவைக் கணக்கிட்டு, பட்டியலில் பெயரைச் சேர்த்து, மாதத்தை ஒன்று கூட்டும்.

பழைய நோட்டுப் பதிவும் இந்த மெத்தட் வழியாகத்தான் வர வேண்டும். வேறு வழியே இல்லையா என்றால், பைத்தானில் கதவைப் பூட்ட முடியாது, வெளியிலிருந்து யார் வேண்டுமானாலும் பட்டியலைத் தொடலாம். பெயருக்கு முன்னால் ஓர் அடிக்கோடு போட்டு 'இது உள்வேலைக்கானது, வெளியிலிருந்து தொடாதே' என்று சொல்வது வழக்கம், பைத்தான்காரர்கள் அதை மதிக்கிறார்கள். ஆனால் பூட்டு இல்லாததைப் பெரிய குறையாக நான் பார்க்கவில்லை. எனக்கு முக்கியமானது, சந்தேகம் வந்தால் தேட வேண்டிய இடம் ஒன்றே ஒன்று என்பது. கணக்கு தப்பாக வருகிறதா, சீட்டு கிளாஸைத் திறந்து பார், தப்பு அநேகமாக அதற்குள் இருக்கும், இல்லையென்றால் யாரோ அடிக்கோட்டைத் தாண்டியிருப்பார்கள். இருபது ஃபங்ஷனில் தேடுவதற்கும் இதற்கும் இருக்கும் வித்தியாசம், இரவு பதினொரு மணிக்குத் தனியாக உட்கார்ந்து பக் தேடும் புதியவருக்கு மிகப் பெரியது.

கிளாஸை வைத்து உருவாக்கும் ஒவ்வொரு சீட்டும் ஓர் ஆப்ஜெக்ட். ஐயாயிரம் என்று ஓர் ஆப்ஜெக்ட், பத்தாயிரம் என்று ஓர் ஆப்ஜெக்ட். இரண்டும் ஒரே கிளாஸிலிருந்து வந்தவை, ஒவ்வொன்றுக்கும் தன் மாதம், தன் ஆட்கள், தன் பட்டியல். நகல் எடுத்து 2 சேர்க்கும் வேலையே இல்லை.

செல்ஃப் என்ற சொல்லில்தான் எல்லோரும் ஒருமுறை முட்டிக்கொள்கிறார்கள். அது மந்திரம் எதுவும் இல்லை. கொஞ்சம் முன்னால் சொன்னேனே, ஒரு தம்பி எல்லா ஃபங்ஷனுக்கும் டிக்ஷனரியை முதல் ஆர்க்யுமெண்ட்டாகக் கொடுத்தார் என்று, அதே வேலைதான். பத்தாயிரம்.ஏலம்_விடு என்று எழுதினால், பத்தாயிரம் என்ற அந்த ஆப்ஜெக்ட்டைப் பைத்தானே எடுத்து முதல் ஆர்க்யுமெண்ட்டாகக் கொடுத்துவிடுகிறது, மெத்தடுக்குள் அதற்குச் செல்ஃப் என்று பெயர். 'எந்தச் சீட்டு' என்ற கேள்விக்கான பதில் அது. வேண்டுமென்றால் சீட்டு.ஏலம்_விடு என்று கிளாஸின் பெயரைச் சொல்லி, அடைப்புக்குறிக்குள் முதலில் பத்தாயிரத்தை நீங்களே கொடுத்துப் பாருங்கள், அதுவும் ஓடும். ஜாவாவில் இது மறைவாக நடக்கிறது, பைத்தானில் வெளிப்படையாகத் தெரிகிறது, சொல்லிக்கொடுக்க எனக்கு வெளிப்படையாக இருப்பதுதான் பிடிக்கிறது.

அந்தத் தம்பி டிக்ஷனரியை முதல் ஆர்க்யுமெண்ட்டாகக் கொடுத்தது தற்செயலும் இல்லை. கிளாஸ் என்ற வசதியே இல்லாத சி மொழியில் ஃபைலைக் கையாளும் ஃபங்ஷன்களைப் பாருங்கள். எஃப்ஓப்பன் ஒரு ஃபைல் பாயிண்டரை, அதாவது திறந்த ஃபைலைச் சுட்டும் அடையாளத்தை, கொடுக்கும், அதை வாங்கி எஃப்ரீடுக்கும் எஃப்குளோஸுக்கும் நாம் கொடுத்துக்கொண்டே இருப்போம், அதற்குள் என்ன இருக்கிறது என்று நோண்ட மாட்டோம். ஒரு தகவல் கட்டு, அதைத் தொட அனுமதி உள்ள சில ஃபங்ஷன்கள். கோ மொழியில் கிளாஸ் கிடையாது, ரஸ்ட்டில் கிடையாது, ஆனால் இரண்டிலும் தகவல்களைக் கட்டாக வைக்கும் ஸ்ட்ரக்ட் உண்டு, அதற்கு மெத்தட் எழுதும் வழியும் உண்டு. கீவேர்டு மாறுகிறது, ஏற்பாடு மாறவில்லை. "கிளாஸ் பழைய காலத்துச் சமாச்சாரம், இப்போ யாரும் எழுதறதில்லை" என்று எங்கேயோ கேட்டுவிட்டு வருபவர்களிடம் இதைத்தான் காட்டுகிறேன்.

வரலாற்றையும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் கிளாஸ் ஏதோ நிர்வாகக் கனவில் உதித்த அலங்காரம் என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். நார்வேயின் ஆஸ்லோ நகரில், நார்வீஜியன் கம்ப்யூட்டிங் சென்டரில், ஓலே-யோஹான் டால், கிறிஸ்டன் நிகார்ட் என்ற இருவர் 1960-களில் சிமுலா என்ற மொழியை உருவாக்கினார்கள். கம்ப்யூட்டருக்குள் ஓர் அமைப்பை நடத்திப் பார்ப்பதுதான் அவர்கள் வேலை: வரிசையில் எத்தனை பேர் நிற்பார்கள், எவ்வளவு நேரம் காத்திருப்பார்கள் என்பது போன்ற கணக்குகள். அவர்கள் மண்டையைக் குடைந்த எடுத்துக்காட்டுகளில் ஒன்று, பாலத்தில் ஒரு சுங்கச்சாவடி, அங்கே வரிசையில் நிற்கும் லாரிகளும் பஸ்களும். இரண்டுக்கும் பொதுவான சங்கதிகள் நிறைய, ஆனால் ஒவ்வொன்றுக்கும் தனியாகவும் சில உண்டு. பொதுவானதை ஒருமுறை மட்டும் எழுதி, தனியானதை அதன் மேல் சேர்க்க ஒரு வழி தேடினார்கள். அதிலிருந்து வந்ததுதான் சிமுலா 67-இன் கிளாஸும், இன்று இன்ஹெரிட்டன்ஸ் என்று நாம் சொல்வதும். பெங்களூரில் நெரிசலுக்குப் பெயர்போன சில்க் போர்டு சிக்னலில் நின்ற யாருக்கும் அந்த வரிசைப் பிரச்சினையை விளக்கத் தேவையில்லை. இருவருக்கும் கணினித் துறையின் உயரிய விருதான டூரிங் விருது 2001-க்குக் கிடைத்தது, 2002-ல் இருவருமே காலமானார்கள். கேம்பிரிட்ஜில் ஆராய்ச்சி செய்தபோது சிமுலாவைப் பயன்படுத்திப் பார்த்த பியார்னே ஸ்ட்ராஸ்ட்ரப், 1979-ல் பெல் லேப்ஸில் சி மொழிக்குக் கிளாஸ் சேர்க்க ஆரம்பித்தார், அதுதான் பின்னால் சி பிளஸ் பிளஸ் ஆனது. பைத்தான் 1991-ல் முதன்முதலாக வெளியானபோதே அதில் கிளாஸ் இருந்தது. ஒரே மாதிரி பல பொருள்கள், ஒவ்வொன்றுக்கும் தன் நிலை, எல்லாவற்றுக்கும் பொது விதி. ஆஸ்லோவின் தேவை இதுதான், எங்கள் சீட்டின் தேவையும் இதுதான்.

விதி மாறும்போது என்ன ஆகிறது என்பதையும் வகுப்பில் பார்த்தோம். பதிவு செய்த சீட்டு நிறுவனங்களுக்கு 1982-ஆம் ஆண்டின் சிட் ஃபண்ட்ஸ் சட்டம் கமிஷனுக்கு 5 சதவீதம் என்று உச்ச வரம்பு வைத்திருந்தது, 2019-ல் வந்த திருத்தம் அதை 7 ஆக்கியது. ஆகவே அந்தச் சமயத்தில் பழைய சீட்டு 5-லேயே ஓடியிருக்கும், புதிதாக ஆரம்பித்த சீட்டு 7-ல் ஓடியிருக்கலாம், இரண்டும் ஒரே நேரத்தில் நடந்திருக்கும். ஃபங்ஷன்களுக்குள் 0.05 என்று நாலு இடத்தில் எழுதி வைத்தவர் நாலு இடத்தையும் தேட வேண்டும், தேடி 0.07 ஆக்கினால் பழைய சீட்டுக் கணக்கு கெட்டுப்போகும். கமிஷன் சதவீதம் ஒவ்வொரு சீட்டு ஆப்ஜெக்ட்டோடும் பிறந்திருந்தால் இந்தப் பேச்சே எழாது. பி.காம் பெண்ணுக்கு இந்த இடம் பளிச்சென்று பிடிபட்டது, வரி விகிதம் வருடா வருடம் மாறும் தொழிலில் இருப்பவர் அல்லவா.

சரியாக வகுபடாமல் மீதி வரும் எண்களும் இப்படித்தான். 15 பேர், 10,000 சீட்டில் மொத்தம் 1,50,000, கமிஷன் 5 சதவீதம் 7,500. ஒருவர் 31,000 தள்ளி எடுத்தால் பிரிக்க வேண்டியது 23,500. அதை 15-ஆல் வகுத்தால் முழு எண் வராது. ஆளுக்கு 1,566 கொடுத்தால் 10 ரூபாய் மிஞ்சும். அந்தப் பத்து ரூபாய் யாருக்கு? ஒவ்வொரு சீட்டிலும் ஒரு வழக்கம் இருக்கும், எதுவானாலும் அது எழுதப்பட வேண்டிய இடம் கழிவைக் கணக்கிடும் மெத்தட். திரையில் காட்டும் ஃபங்ஷனில் ஒரு மாதிரி முழுமையாக்கி, பாக்கிக் கணக்கில் வேறு மாதிரி முழுமையாக்கினால், பதினைந்து மாத முடிவில் நோட்டும் கம்ப்யூட்டரும் இரண்டு விடை சொல்லும்.

கிளாஸுக்குள் பிரிண்ட்டும் இன்புட்டும் வைக்காதீர்கள் என்று திரும்பத் திரும்பச் சொல்கிறேன், அடம்பிடித்தே சொல்கிறேன். ஏலம்_விடு மெத்தட் ஆள் யார், எவ்வளவு தள்ளினார் என்பதை ஆர்க்யுமெண்ட்டாக வாங்கிக்கொண்டு, ஆளுக்கு எவ்வளவு கட்ட வேண்டும் என்பதைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். கீபோர்டில் கேட்பதும் திரையில் காட்டுவதும் வெளியே. இப்படி எழுதினால் டெஸ்ட் எழுதுவது சில வரிகளில் முடிந்துவிடும்: ஒரு சீட்டை உருவாக்கு, 25,000 தள்ளி ஒருவரை எடுக்க வை, 4,000 வருகிறதா பார், அதே ஆளை மறுபடி எடுக்க வை, எரர் வருகிறதா பார். பி.சி.ஏ. தம்பி இதை எழுதி ஓட்டிவிட்டு, "இது உடைஞ்சா உடனே தெரிஞ்சுடும்ல?" என்றார். ஆமாம், தெரிந்துவிடும். முதல் மாதத்திலேயே டெஸ்ட் எழுதும் பழக்கம் ஒருவருக்கு வந்தால் அதைவிட நல்ல ஆரம்பம் எனக்குத் தெரிந்து இல்லை, அதற்கு வழிவிடுவது இந்த ஏற்பாடுதான்.

ஒரு பொறியைச் சொல்லியே ஆக வேண்டும். எடுத்தவர்கள் என்ற காலிப் பட்டியலை இனிட்டுக்குள் செல்ஃப் போட்டு எழுதாமல், நேராகக் கிளாஸின் கீழே எழுதிவிட்டால், அது எல்லாச் சீட்டுக்கும் பொதுவான ஒரே பட்டியல் ஆகிவிடும். ஐயாயிரம் சீட்டை எடுத்தவர் பத்தாயிரம் சீட்டையும் எடுத்ததாகப் பதிவாகிவிடுவார். எரர் வராது, விடை மட்டும் தப்பாக இருக்கும். ஒரு சீட்டுக்குச் சொந்தமானது எல்லாம் இனிட்டுக்குள், எல்லாச் சீட்டுக்கும் பொதுவானது மட்டும் வெளியே. 2018-ல் வந்த பைத்தான் 3.7-லிருந்து டேட்டாகிளாஸ் என்று ஒன்று உண்டு, இனிட்டை அதுவே எழுதிக்கொள்ளும், அதில் இப்படி ஒரு காலி லிஸ்ட்டை நேராகக் கொடுத்தால் ஏற்க மறுத்து எரர் காட்டும். ஆனால் முதலில் கையால் இனிட் எழுதிப் பழகிவிட்டுத்தான் அதற்குப் போக வேண்டும் என்பது என் கட்சி.

எதை விடலாம் என்றும் சொல்கிறேன். இன்ஹெரிட்டன்ஸை ஆரம்பத்தில் விட்டுவிடுங்கள். குலுக்கல் சீட்டு, ஏலச்சீட்டு என்று இரண்டு வகை வந்து, பொதுவானது என்ன என்று கைப்பட உணர்ந்த பிறகு பார்க்கலாம். ஒவ்வொரு தகவலுக்கும் படிக்க ஒரு கெட்டர், மாற்ற ஒரு செட்டர் என்று ஜாவா பாடத்தில் எழுத வைப்பார்கள், பைத்தானில் அது வேண்டியதே இல்லை, அது விதியைக் காப்பதும் இல்லை. எதை வேண்டுமானாலும் மாற்றிக்கொள் என்று செட்டர் வைத்துவிட்டால் பழைய டிக்ஷனரிக்கே திரும்பிவிட்டோம் என்று அர்த்தம். பல கிளாஸ்களை இணைக்கும் பழகிய அமைப்புகளான டிசைன் பேட்டர்ன் எல்லாம் இன்னும் தள்ளி.

எல்லாவற்றுக்கும் கிளாஸ் எழுதச் சொல்லவும் இல்லை. ஒரு ஃபைலைப் படித்து, நாலு வரியை மாற்றி, இன்னொரு ஃபைலில் எழுதும் ஸ்கிரிப்ட்டுக்கு ஃபங்ஷன் போதும், அதுவும் வேண்டாம் என்றாலும் சரி. 2012-ல் பைத்தான்காரர்களின் பைகான் மாநாட்டில் ஜாக் டீடெரிக் என்பவர் தேவையில்லாமல் கிளாஸ் எழுதுவதை நிறுத்துங்கள் என்றே ஓர் உரை ஆற்றினார். இரண்டே மெத்தட் இருந்து, அதில் ஒன்று இனிட் என்றால் அது கிளாஸாக இருக்க வேண்டியதே இல்லை என்பது அவர் வாதம். முழுவதும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்த உரை கிளாஸ்களை அளவுக்கு மீறி எழுதுபவர்களுக்கானது, இன்னும் ஒன்றுகூட எழுதாதவருக்கு அதைக் காட்டி "பார், பெரியவர்களே வேண்டாம் என்கிறார்கள்" என்று சொல்வது நியாயமில்லை. நான் பிள்ளைகளுக்குக் கொடுக்கும் அடையாளம் இது: ஒரே டிக்ஷனரி மூன்று ஃபங்ஷனுக்கு முதல் ஆர்க்யுமெண்ட்டாகப் போய், அவற்றில் ஒன்றாவது அதை மாற்றினால், அங்கே ஒரு கிளாஸ் காத்திருக்கிறது.

கிளாஸைத் தள்ளிப்போட முடியாததற்கு இன்னொரு காரணம், அவர்கள் ஏற்கெனவே அதற்குள்தான் இருக்கிறார்கள். லிஸ்ட்டில் அப்பெண்ட் என்று எழுதும்போது ஒரு மெத்தடைத்தான் கூப்பிடுகிறார்கள். 5 என்ன வகை என்று டைப் ஃபங்ஷனிடம் கேட்டால் 'கிளாஸ் இன்ட்' என்று பதில் வரும், இன்ட் என்றால் முழு எண். தகவல் அட்டவணைகளைக் கையாள உதவும் பாண்டாஸில் டேட்டாஃபிரேம் ஒரு கிளாஸ், இணையதளம் கட்ட உதவும் ஜாங்கோவில் ஒரு டேபிள் வேண்டுமென்றால் கிளாஸ் எழுதாமல் நகரவே முடியாது. கற்பவர் சொந்தமாக ஒரு கிளாஸ் எழுதிய பிறகு இவற்றின் ஆவணங்களைப் படிக்கும் விதமே மாறுவதைக் கண்ணால் பார்க்கிறேன். எரர் செய்தியில் 'இந்த ஆப்ஜெக்ட்டில் இப்படி ஓர் ஆட்ரிபியூட் (அதற்குள் இருக்கும் தகவல் அல்லது மெத்தட்) இல்லை' என்று வந்தால் முன்பு ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்புவார்கள், இப்போது எந்த ஆப்ஜெக்ட், அது எங்கிருந்து வந்தது என்று அவர்களே தேடுகிறார்கள்.

இப்போது எங்கள் மாடியில் ஓடிக்கொண்டிருக்கும் விவாதம், உறுப்பினருக்குத் தனிக் கிளாஸ் வேண்டுமா என்பது. இதுவரை உறுப்பினர் என்றால் வெறும் ஒரு பெயர், ஒரு ஸ்டிரிங். ஆனால் ஒருவரே இரண்டு சீட்டிலும் இருக்கிறார், ஒரே சீட்டில் இரண்டு பங்கு போட்டவரும் உண்டு, பாதியில் விலகி வேறொருவரைத் தன் இடத்தில் சேர்த்துவிட்டுப் போகிறவரும் உண்டு. இரண்டு பங்கு போட்டவர் ஒருமுறை எடுத்ததும் 'ஏற்கெனவே எடுத்தவர்' என்று எங்கள் கோட் அவரைத் தடுத்துவிடுகிறது, அது அநியாயம், அவருக்கு இன்னொரு பங்கு பாக்கி இருக்கிறது. அல்சூரிலிருந்து வரும் அண்ணன் ஒருவர், உறுப்பினர் என்று ஒரு கிளாஸ் போட்டு, பாக்கித் தொகையை அதற்குள் வைக்கலாம் என்கிறார். பி.காம் பெண் ஒப்புக்கொள்ளவில்லை. "பாக்கி ஆளோடது இல்லைண்ணா, இந்த ஆள் இந்தச் சீட்டுல வெச்சிருக்கிற பங்கோடது, லெட்ஜர்லயும் அப்படித்தானே எழுதுவோம்" என்கிறார். எனக்கு அவர் பக்கம்தான் சரி என்று படுகிறது. பங்கு என்று ஒரு கிளாஸ், அதற்குள் யாருடையது, எடுத்தாயிற்றா, எவ்வளவு பாக்கி. சீட்டு பங்குகளை வைத்திருக்கும், ஆட்களை நேரடியாக அல்ல. பாதியில் விலகினால் பங்கின் உரிமையாளர் மட்டும் மாறுவார், மற்ற கணக்கு அப்படியே நிற்கும். இருந்தாலும் இரண்டு விதமாகவும் எழுதி, அதே டெஸ்ட்டுகளை இரண்டின் மேலும் ஓட்டிப் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம் என்று சொல்லியிருக்கிறேன். உங்களில் யாராவது சீட்டுக் கணக்கை இப்படி எழுதிப் பார்த்திருந்தால், பங்கை எங்கே வைத்தீர்கள் என்று சொல்லுங்கள், அவர்களிடம் காட்டுகிறேன்.